லண்டனா, மால்டாவா? முதல்ல யாரோட கதைக்கப் போறம்?

உயர்தரப் பரீட்சையின் கடைசிப் பேப்பர் முடிந்த கையோடு எங்கட ஊரில் ஒரு கதை கிளம்பும். பெறுபேறு வர மாதக்கணக்கில் இருக்கு, கம்பஸ் கடிதம் வர அதையும் விடக் காலம் எடுக்கும். "அதுக்குள்ள எங்கயாவது வெளியில அனுப்பி இங்கிலீஷப் படிப்பிச்சு எடுப்பமா?" வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கிற வீட்டில் இது சாப்பாட்டு நேரத்துக் கதை. சொந்தம் இல்லாத வீட்டுக்கு இதே கதை போனில் விளம்பரமாக வரும்: நாலு கிழமையில் சரளமான ஆங்கிலம், தங்குமிடம் உட்பட, விசாவுக்கு நாங்கள் பொறுப்பு. கீழே ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும். லண்டன், மால்டா, சிங்கப்பூர், பெங்களூர்.

மறுகா அப்பாமார் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இதுக்குள்ள எந்த ஊர் மனே நல்லம்?"

நாங்கள் சொல்ல வருவது, அந்தக் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்பதுதான். எந்த ஊரில் இங்கிலீஷ் கதைக்காமல் ஒரு நாளைக் கடத்த ஏலாது? ஊரை அதை வைத்துத்தான் எடுக்க வேணும். லண்டன் என்ற பெயருக்கும் இங்கிலீஷ் வருவதற்கும் நாங்கள் நினைக்கிற அளவுக்குத் தொடர்பு இல்லை.

ஏன் இது இவ்வளவு பெரிய விசயம் என்று கேட்கலாம். பெரியகல்லாற்றில் உயிரியலோ கணிதமோ எடுக்கிற பிள்ளை 13 வருசமும் தமிழில் படிக்கிறது. பொது ஆங்கிலப் பேப்பர் ஒன்று இருக்கு. ஆனால் அது இசட் புள்ளியில் சேராது. சேராததை யார் விழுந்து விழுந்து படிப்பான்? பிறகு அதே பிள்ளை கம்பஸ் போய் முதல் நாளே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறது, ஆங்கிலத்தில் ஆய்வுகூட அறிக்கை எழுதுகிறது. பாடம் தெரிந்தவன், மொழி தெரியாததால் கடைசி வாங்கில் போய் இருக்கிறான். இந்தப் பயம்தான் ஏஜென்சிக்காரரின் முதல். அம்மாவின் காப்பு அடகுக்குப் போவது இந்தப் பயத்தால்தான்.

ஒரு சின்னக் கணக்கு

கேம்பிரிட்ஜ் ஆங்கிலப் பரீட்சை நடத்துபவர்கள் எந்த நிலைக்கு எத்தனை மணித்தியாலம் வழிகாட்டலோடு படிக்க வேண்டும் என்று ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஏ2 என்கிற அடிப்படை நிலைக்கு 180 முதல் 200. பி1 என்கிற நடு நிலைக்கு 350 முதல் 400. கம்பஸ் பாடத்தைச் சமாளிக்கிற பி2 நிலைக்கு 500 முதல் 600. இது எல்லாம் பூச்சியத்திலிருந்து எண்ணுவது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற ஏறத்தாழ 200 மணித்தியாலம் வேணும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்ப விளம்பரத்தைப் பாருங்கள். வழமையான வகுப்பு கிழமைக்கு 20 பாடம், ஒரு பாடம் 45 நிமிசம். அதாவது கிழமைக்கு 15 மணித்தியாலம். நாலு கிழமைக்கு 60. ஒரு படிக்கு 200 வேணும், வகுப்பில் கிடைப்பது 60. நாலு கிழமையில் சரளம் என்பது கணக்கிலேயே உதைக்குது.

அப்ப வெளியில் போவது வீணா? அப்படிச் சொல்ல வரவில்லை. ஒரு கிழமையில் 168 மணித்தியாலம் இருக்கு. நித்திரைக்கு 56ஐக் கழியுங்கள். வகுப்புக்கு 15ஐக் கழியுங்கள். மிச்சம் 97. வெளிநாட்டுக்குக் காசு கட்டி நாங்கள் உண்மையில் வாங்குவது இந்த 97 மணித்தியாலத்தைத்தான். 15 மணித்தியால வகுப்பைக் களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ மட்டக்களப்பு ரவுணிலோ ஒரு நல்ல ஆசிரியரிடம் எடுக்கலாம். அந்த 97 மணித்தியாலமும் எந்த மொழியில் போகும் என்பதை நிற்கிற ஊரும் வீடும்தான் தீர்மானிக்கும். அதை வைத்து ஒவ்வொரு ஊராகப் பார்ப்பம்.

ஊர் ஊராக

முதலில் லண்டன், டொராண்டோ. மாமா ஹரோவில் இருப்பார், பெரியம்மா ஈஸ்ட் ஹாமில் இருப்பா, சித்தப்பா ஸ்காப்ரோவில் இருப்பார். இறங்கின உடனே இடியப்பமும் சொதியும். கடை தமிழ்க்கடை, சனிக்கிழமை பிறந்தநாள் மண்டபம், வெள்ளிக்கிழமை கோயில், வீட்டில் தமிழ் டிவி. 97 மணித்தியாலமும் தமிழில் இனிமையாகப் போகும். அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்களோடு இங்கிலீஷில் கதைக்கும். நாங்கள் தமிழில் பதில் சொல்லுவம். இதில் குற்றம் யாரிலும் இல்லை, சொந்தம் என்றால் அப்படித்தான். ஆனால் அது சொந்தம் பார்க்கப் போன பயணம். இங்கிலீஷ் படிக்கப் போன பயணம் வேறு.

சொந்தக்காரர் வீட்டில் தங்குவதால் காசு மிஞ்சும், வீட்டுக்காரருக்கு மன நிம்மதியும் இருக்கும். குறிப்பாகப் பெண்பிள்ளைகளை வேறு எங்கும் விடவே மாட்டார்கள். சரி, அப்படியென்றால் தங்குவது அந்த வீட்டில், பகல் வெளியில் என்று முதலே பேசி முடிக்க வேண்டும். பிரித்தானியாவுக்குச் சாதாரண வருகை விசாவில் போகிறவர் ஆறு மாதம் வரை அங்கீகாரம் பெற்ற பள்ளியில் ஆங்கிலம் படிக்கலாம். வேலை செய்ய ஏலாது, ஆனால் பதிவு செய்த தொண்டு நிறுவனத்தில் 30 நாள் வரை தொண்டு வேலை செய்யலாம். தொண்டு நிறுவனக் கடையில் பழைய உடுப்புக்கு விலை ஒட்டிக்கொண்டு வயசுபோன வெள்ளைக்கார அம்மாமாரோடு கதைப்பதுதான் அந்தப் பயணத்தின் நல்ல வகுப்பாக இருக்கும். டொராண்டோவில் பொது நூலகக் கிளைகள் ஆங்கில உரையாடல் வட்டம் நடத்துகின்றன. ஸ்காப்ரோவில் நின்றுகொண்டு அதை எட்டிப் பார்க்காமல் திரும்பி வருவது அநியாயம்.

மால்டா எங்கள் பலருக்குப் புதுப் பெயர். மத்தியதரைக் கடலில் 316 சதுர கிலோமீற்றர் அளவான குட்டித் தீவு நாடு. 1964 வரை பிரித்தானியரிடம் இருந்தது. மால்டீஸும் ஆங்கிலமும் ஆட்சி மொழிகள். ஐரோப்பாவின் கோடையில் இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் பிள்ளைகள் எல்லாம் இங்கிலீஷ் படிக்க அங்கேதான் குவிகிறார்கள். எங்கட கணக்குக்கு இது நல்ல ஊர்தான். ஏனென்றால் அங்கே வருகிற எல்லாருக்கும் இங்கிலீஷ் இரவல் மொழி. பிழையாகக் கதைத்தால் சிரிக்க ஆள் இல்லை, எதிரில் இருப்பவனும் பிழையாகத்தான் கதைப்பான். இத்தாலிக்காரர் பத்துப் பேர் ஒரே வகுப்பில் இருந்தால் அவர்கள் தங்களுக்குள் இத்தாலியில்தான் கதைப்பார்கள், அதையும் கேட்டறிய வேண்டும். இனி, மால்டா ஷெங்கன் நாடு. 2024 ஜூன் முதல் ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ. மறுத்தால் திருப்பித் தர மாட்டார்கள். இத்தாலிப் பிள்ளை அடையாள அட்டையோடு ஏறி இறங்குகிற ஊருக்கு, நாங்கள் வங்கிக் கணக்கும் காணி உறுதியும் காட்டி, போனால் திரும்பி வருவம் என்று நிரூபிக்க வேண்டும். 19 வயசுப் பிள்ளை, வேலை இல்லை, சொத்து இல்லை. மறுப்பதற்கு அதுவே காணும். "விசாவுக்கு நாங்கள் பொறுப்பு" என்று எந்த ஏஜென்சியும் சொல்ல ஏலாது. அது தூதரகத்தின் கையில் இருக்கிற விசயம்.

சிங்கப்பூரில் ஆட்சி மொழி நாலு. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ். சீனரும் மலாயரும் தமிழரும் தங்களுக்குள் கதைப்பது ஆங்கிலத்தில். எங்கட கணக்குக்கு அதுவும் பொருந்துகிற ஊர். ஆனால் தங்குவதற்கான செலவைக் கேட்டால் எங்கட வீடுகளுக்குத் தலை சுற்றும்.

இந்தியாவில் சென்னை வேண்டாம். சென்னை நல்ல ஊர், புத்தகக் கடைக்கும் சினிமாவுக்கும் போகலாம், இங்கிலீஷுக்கு அல்ல. பெங்களூர் பரவாயில்லை, ஆனால் அல்சூர், சிவாஜிநகர்ப் பக்கம் அறை எடுத்தால் தமிழிலேயே காலம் தள்ளலாம். ஹைதராபாத்தை நாங்கள் யோசிப்பதே இல்லை. ஆங்கிலம் கற்பிப்பதற்கு என்றே 1958இல் தொடங்கிய நிறுவனம் அங்கே இருக்கிறது. இப்ப அது ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். இலங்கை ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போன இடமும் அதுதான். தமிழ் அங்கே எடுபடாது. ஆனால் தெருவில் தெலுங்கும் உருதுவும் ஹிந்தியும்தான். ஓட்டோக்காரர் இங்கிலீஷ் கதைப்பார் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம். அங்கே பல மாநிலப் பிள்ளைகள் சேர்ந்து நிற்கிற விடுதிதான் இங்கிலீஷ் நடக்கிற இடம். ஆகவே இந்தியாவில் ஊரைவிட விடுதியைத்தான் பார்த்து எடுக்க வேணும்.

கொழும்பை விட்டுவிட்டமே என்பீர்கள். கொழும்புக்கு இங்கிலீஷ் படிக்கப் போகிற எங்கட ஆட்கள் நிற்பது வெள்ளவத்தையில். ஊர்ப் பெடியனோடு ஒரே அறை, யாழ்ப்பாணத்தாரின் கடையில் சாப்பாடு. ஆறு மாதத்தில் இங்கிலீஷ் வருதோ இல்லையோ யாழ்ப்பாணத் தமிழ் நல்லா வரும்.

உண்மையில் படித்து வந்தவர்கள்

இந்த ஊரில் வெளிநாடு போய், காசு கட்டாமல், இங்கிலீஷ் கதைக்கப் பழகி வந்தவர்கள் இருக்கிறார்கள். கட்டாரிலும் துபாயிலும் சவூதியிலும் வேலை செய்துவிட்டு வந்த அண்ணாமாரும் அக்காமாரும்தான் அவர்கள். பிலிப்பீன்ஸ்காரர் மேற்பார்வையாளர், நேபாளக்காரர் பக்கத்துக் கட்டில், எகிப்துக்காரர் சாரதி. இவர்களுக்கு நடுவில் இருந்த ஒரே பாலம் உடைந்த இங்கிலீஷ். அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இலக்கணம் தட்டும், ஆனால் வெள்ளைக்காரன் வந்து வழி கேட்டால் ஓட மாட்டார்கள். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு 'ஏ' எடுத்த நாங்கள்தான் ஓடுவம்.

நாங்கள் அவர்களின் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிக்கிறம். எங்கட ஊரின் பெரிய வியாதி இது. ஒருவன் வாய் திறந்து ஒரு வசனம் சொன்னால் "இவர் பெரிய வெள்ளைக்காரர்" என்று பட்டம் வைக்கிறம். வசனம் பிழையாகப் போனால் அது ஒரு வருசத்துக்குப் பகிடி. இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பிள்ளைகள் ஐயாயிரம் மைல் தள்ளிப் போய், தெரிந்தவர் யாரும் இல்லாத இடத்தில் வாய் திறக்கப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் கட்டுகிற காசில் ஒரு பங்கு எங்கட சிரிப்புக்குக் கட்டுகிற தண்டம்.

இந்த மண்ணுக்கு ஆங்கிலம் புதுசு இல்லை. 1814இல் மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். அடுத்த வருசமே இறந்துபோனார். அந்தக் குறுகிய காலத்தில் பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் வேர் அது. 1873இல் புனித மிக்கேல் கல்லூரி வந்தது. அங்கே பிறகு அமெரிக்க இயேசு சபைக் குருமார் பல பத்தாண்டுகள் படிப்பித்தார்கள். காரைதீவில் பிறந்த மயில்வாகனம், நாங்கள் சுவாமி விபுலானந்தர் என்று அறிகிறவர், கல்முனையிலும் மட்டக்களப்பிலும் படித்தார். லண்டன் போகாமலே லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம் எடுத்தார். பிற்காலத்தில் இமயமலையில் இருந்து 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கிலச் சஞ்சிகைக்கு ஆசிரியராக இருந்தார். யாழ் நூல் எழுதியவரும் அவர்தான். இங்கிலீஷ் வந்ததால் அவருக்குத் தமிழ் குறையவில்லை.

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த ஆங்கிலம் வசதியுள்ள சில வீடுகளுக்கும், மிசன் பள்ளிக்குப் போக முடிந்த சில பிள்ளைகளுக்கும்தான் கிடைத்தது. 1940களில் வந்த இலவசக் கல்வியும் தாய்மொழிப் படிப்பும்தான் மற்ற வீடுகளுக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டன. நாங்களும் அந்தக் கதவால் வந்தவர்கள். ஆனால் கதவு திறந்தபோது ஆங்கிலத்தோடு வாழ்கிற சூழல் பாடசாலையிலிருந்து போய்விட்டது. ஆங்கிலம் 40 நிமிசப் பாடமாகச் சுருங்கியது. இப்ப அந்தச் சூழலைக் காசுக்கு விற்கிறார்கள். காசு உள்ளவன் வாங்குவான். மற்றவன் அடகு வைத்து வாங்குவான், அல்லது வாங்காமலே இருப்பான். பழைய மிசன் காலத்துப் பிரிவு வேறு உடுப்புப் போட்டுத் திரும்பி வருவது போலத்தான் எங்களுக்குப் படுகிறது.

எங்கட வீதியாலேயே போனால்

ஊருக்கு நடுவால் போகிற ஏ4 வீதி தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று கடந்து பொத்துவில் போகிறது. அங்கேதான் அறுகம்குடா. ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு ஆட உலகம் முழுக்க இருந்து வருகிறார்கள். வடக்கே போனால் பாசிக்குடா, அங்கேயும் கிட்டத்தட்ட அதே காலம். ஐரோப்பாவின் கோடையில் நாங்கள் ஐரோப்பாவுக்குப் போக விசா கேட்டு நிற்கிறம், அந்த நேரம் ஐரோப்பா எங்கட கடற்கரையில் வந்து படுத்திருக்கு. ஒரு விருந்தினர் விடுதியில் மூன்று மாதம் வரவேற்பில் நின்றால் ஜேர்மன்காரர், ரஷ்யர், இஸ்ரேல்காரர், பிரெஞ்சுக்காரர் எல்லாரோடும் இங்கிலீஷில்தான் கதைக்க வேணும். மால்டாவில் காசு கட்டி எடுக்கிற அதே 97 மணித்தியாலம். இங்கே சம்பளமும் தருவார்கள்.

"ஹோட்டல் வேலைக்கா விடுறது?" என்ற குரல் எங்களுக்கும் கேட்கிறது. பெண்பிள்ளை என்றால் அந்தக் குரல் இன்னும் கூட. பாதுகாப்புப் பற்றிய பயம் பொய்யில்லை. தெரிந்த குடும்பம் நடத்துகிற இடம், இரண்டு மூன்று பேர் சேர்ந்து போவது, பகல் வேலை மட்டும் என்று அதற்கு வழி பார்க்கலாம். ஆனால் மதிப்புக் குறைவு என்பதை நாங்கள் ஏற்கமாட்டம். லண்டனில் கோப்பை கழுவினால் மதிப்பு, அறுகம்குடாவில் சாவி எடுத்துக் கொடுத்தால் மதிப்பில்லையா?

இன்னொரு வழியும் இருக்கு. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இந்த நாட்டின் இணைப்பு மொழி என்று யாப்பில் எழுதி வைத்தது. நாங்கள் அதை எதை இணைக்கப் பாவித்தம்? அம்பாறைப் பிள்ளைக்குத் தமிழ் வராது, எங்களுக்குச் சிங்களம் வராது. இரண்டு பேருக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். மால்டா வகுப்பில் நடப்பதும் இதுதானே? அம்பாறை எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு உள்ளான தூரம். அந்தப் பக்கம் போவதென்றால் எங்கட பெரியாக்களுக்கு நெஞ்சு இறுகும், அதற்குக் காரணமும் இருக்கு. அதை மறக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஏற்கெனவே ஒரே பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறார்கள். ஒரே மேசையில் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

போவதென்றால்

போக வசதி உள்ளவர்கள் போங்கள், நாங்கள் மறிக்கவில்லை. போவதற்கு முதல் ஏஜென்சியிடமும் வீட்டாரிடமும் இதுகளைக் கேளுங்கள்.

வகுப்பில் எத்தனை பேர், அதில் எங்கட மொழி தெரிந்தவர் எத்தனை பேர்? பள்ளிக்கு அங்கீகாரம் யார் கொடுத்தது? பிரித்தானியா என்றால் பிரிட்டிஷ் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலை நீங்களே பாருங்கள், மால்டாவில் அதற்கென்று ஈ.எல்.டி. கவுன்சில் இருக்கு. விசா மறுத்தால் எந்தக் காசு திரும்பும், எது திரும்பாது? எழுத்தில் தரச் சொல்லுங்கள். தங்கும் இடத்தில் சாப்பாட்டு மேசையில் என்ன மொழி? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தமிழ் என்றால் பகலுக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் விமானம் ஏற வேணும்.

இன்னொன்று. 200 மணித்தியாலம் இங்கேயே படித்துவிட்டுப் போங்கள். ஒன்றுமே கதைக்க வராமல் போகிறவன் அங்கேயும் பேசாமல்தான் இருப்பான். கொஞ்சம் கதைக்க வந்தவனுக்குத்தான் அந்த ஊர் உதவும். அடகு வைத்துத்தான் போக வேணும் என்றால் போகாதீர்கள். 60 மணித்தியால வகுப்புக்கும் ஒரு சான்றிதழுக்கும் அம்மாவின் காப்பு பெரிய விலை.

பரீட்சை முடிந்து இருக்கிற பிள்ளைகளோடு வருகிற லீவில் நாங்கள் சனி, ஞாயிறு பின்னேரங்களில் இருந்து கதைக்கப் போறம். வெளிநாட்டில் வேலை செய்து வந்த அண்ணாமார், அக்காமார்தான் முன்னுக்கு இருக்க வேணும் என்று கேட்டிருக்கிறம். காசு இல்லை, சான்றிதழ் இல்லை. பிழை விடலாம், எவ்வளவும் விடலாம். சிரிக்கிறவர்தான் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கித் தர வேணும்.